சிறுபோகக் கூட்டம் பிறந்த கதை

காலபோக நெல் வெட்டி, சூடடித்து, மூட்டை கட்டி முடிகிற மாசிக் கடைசியில் கிளிநொச்சிப் பக்கம் போனால் ஒரு கேள்வி காதில் விழாமல் இருக்காது: "குளத்தில எத்தினை அடி?" எந்தக் குளம் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. முரசுமோட்டைத் தேநீர்க் கடையிலும் வட்டக்கச்சிச் சந்தியிலும் உருத்திரபுரம் கோயிலடியிலும் குளம் என்றால் இரணைமடுதான். முப்பத்தாறு அடியும் நிறைந்து நின்றால் முகத்தில் நிம்மதி. இருபத்துநான்கு, இருபத்தைந்து என்று பதில் வந்தால் அடுத்த கேள்வியும் கூடவே வரும்: "கூட்டம் எப்ப?"

சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தைத்தான் கேட்கிறார்கள். மாவட்டச் செயலாளர் தலைமையில் நடக்கும். நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர்கள், கமநல அபிவிருத்தித் திணைக்களத்தார், விவசாயத் திணைக்களத்தார், கால்நடைத் திணைக்களத்தார், பிரதேச செயலாளர்கள் எல்லோரும் ஒரு பக்கம். கமக்காரர் அமைப்புகளின் தலைவர்களும் கமக்காரர்களும் மறுபக்கம். பொறியியலாளர் எழுந்து கணக்கு வாசிப்பார். குளத்தில் நிற்கும் நீர் இவ்வளவு. துருசு மட்டத்துக்குக் கீழே கிடப்பதால் வெளியே எடுக்க முடியாதது இவ்வளவு. சித்திரை, வைகாசி வெயிலிலும் சோளகக் காற்றிலும் ஆவியாகிப் போவது இவ்வளவு. மிச்சம் இத்தனை ஏக்கருக்குப் போதும்.

பிறகு திகதிகள். வாய்க்கால் துப்புரவு முடிக்க வேண்டிய நாள், முதல் தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் கடைசி நாள், கட்டாக்காலி மாடுகளை வயலை விட்டு அகற்ற வேண்டிய நாள், தண்ணீர் நிறுத்தும் நாள். மூன்று மாத நெல்லா, மூன்றரை மாத நெல்லா என்பதும் அங்கேயே முடிவாகும். அரை மாதம் கூடினால் அரை மாதத் தண்ணீர் கூட வேண்டுமே. இவையெல்லாம் கொஞ்சம் இழுபறியோடு ஒப்பேறிவிடும். குரல் உயர்வது அந்த ஏக்கர்க் கணக்கில்தான். இரணைமடுவின் கீழ் 21,000 ஏக்கருக்கு மேல் வயல் இருக்கிறது. காலபோகத்தில் மழையும் சேர்ந்து கைகொடுப்பதால் எல்லாவற்றையும் விதைக்கலாம். சிறுபோகத்தில் பல வருடங்களில் மூன்றிலொரு பங்குக்கே தண்ணீர் காணும். அந்த மூன்றிலொரு பங்கு யாருடையது?

அறவியல் என்று பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார்கள். அலுவலகங்களில் "தொழில் நெறிமுறை"ப் பயிற்சி என்று ஒரு நாள் வகுப்பு வைக்கிறார்கள். உதாரணங்கள் எல்லாம் எங்கோ உள்ள கம்பனிகள். ஒரு பொறியியலாளர், ஒரு நிர்வாக அதிகாரி, ஒரு துருசுக்காவலர் தம் கடமை நேரத்தில் எது நியாயம் என்று முடிவெடுக்க வேண்டிய நெருக்கடிக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அந்த முடிவை ஒரு மேசையைச் சுற்றி எடுக்கும் பழக்கம் சட்டமாகப் பிறந்ததிலேயே அறக் கொள்கைகளின் மோதல் ஒன்று இருக்கிறது. அந்தக் கதை இலண்டனில் தொடங்குகிறது.

ஜெரமி பெந்தாம் என்ற சட்ட அறிஞர் 1789இல் வெளியிட்ட நூலில் ஒரு செயலின் நன்மை தீமையை அதன் விளைவாலேயே அளக்க வேண்டும் என்றார். எத்தனை பேருக்கு எவ்வளவு இன்பம், எவ்வளவு துன்பம். கூட்டிக் கழித்துப் பார், மிச்சம் அதிகமாக உள்ளதைச் செய். அவருடைய சீடர்களில் ஒருவர் சார்ல்ஸ் ஹே கமரன். 1830இல் இலங்கை வந்த கமரனும் அவருக்கு முந்திய வருடம் வந்திருந்த கோல்புறூக்கும் நடத்திய விசாரணையின் பலனாகவே கோல்புறூக் - கமரன் சீர்திருத்தங்கள் வந்தன. அவற்றில் முதலாவதாக 1832 ஏப்ரலில் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. பெந்தாம் கண்ணை மூடியது அதே வருடம் ஜூனில்.

இராசகாரியம் கட்டாய வேலை. அதை ஒழித்தது நல்லது. இன்று யார் கேட்டாலும் நான் அதையே சொல்வேன். ஆனால் ஊரார் கூடிக் குளக்கட்டு மண் போட்டதும், வாய்க்கால் வெட்டியதும், வராதவனைத் தண்டித்ததும் அந்தப் பழைய கட்டுக்கோப்புக்குள்தான் இருந்தன. கட்டுக்கோப்பு போனபின், வராதவனை யாரும் எதுவும் செய்ய முடியவில்லை. ஒருவன் வராவிட்டால் மற்றவன் ஏன் வரவேண்டும்? குளங்கள் உடைந்தன. இது ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை. வன்னியில் அதற்கு முன்பே படையெடுப்பாலும் காய்ச்சலாலும் ஊர்கள் வெறிச்சோடத் தொடங்கியிருந்தன. 1803இல் பண்டாரவன்னியன் தோற்கடிக்கப்பட்டபின் வன்னிமையும் இல்லாமற் போயிற்று. ஊரைக் கூட்டும் அதிகாரம் யாரிடமும் இல்லை. ஆனாலும் தனிமனிதனின் விடுதலையைக் கணக்கிட்டவர்களின் ஏட்டில் பொதுக் குளக்கட்டு இடம்பெறவே இல்லை என்பது உண்மை.

இரண்டு தசாப்தம் கழித்து அந்தக் கணக்கைத் திருத்த வேண்டி வந்தது. 1855இல் பதுளையின் உதவி அரசாங்க அதிபராக இருந்த ஜோன் பெய்லி, ஊவாவின் பாசனம் பற்றி எழுதிய அறிக்கையில், பழைய வழக்கங்களுக்குச் சட்ட வலு கொடுக்கும்படி கேட்டார். தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் அதை ஏற்றார். 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நெற்காணிப் பாசனச் சட்டம் பிறந்தது. அரசாங்க அதிபர் வயற்காரரைக் கூட்டுவார்; அவர்கள் தம் ஊரின் வழக்கம் இன்னது என்று சொல்லி ஒப்புக்கொள்வார்கள்; மீறியவனை விசாரிக்க வயற்காரரிலிருந்தே ஆட்கள் அமர்வார்கள். முதலில் ஐந்து வருடத்துக்கு என்று போட்ட சட்டம் பிறகு புதுப்பிக்கப்பட்டுத் தொடர்ந்தது. சிறுபோகக் கூட்டத்தின் பிறப்புச் சான்றிதழ் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இந்தச் சட்டத்தைத்தான் காட்டுவேன். கூட்டம் அதைவிடப் பழையது. வெள்ளைக்காரன் அதைக் கண்டுபிடிக்கவில்லை. உடைந்துபோனதைச் சட்டத்தின் மொழியில் மீண்டும் ஒட்ட வேண்டிய கட்டாயம் அவனுக்கு வந்தது.

1895இல் ஜே. பி. லூயிஸ் வவுனியா, முல்லைத்தீவு இரண்டையும் சேர்த்து எழுதிய வன்னி மாவட்டக் கைநூல் வெளிவந்தபோது வன்னியில் சனம் மிகக் குறைவு, காடு மிக அதிகம். 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தனியாக அமைந்தது. இரண்டு வருடத்தில் இரணைமடு வேலை தொடங்கி 1920இல் முடிந்தது. வவுனியாப் பக்கம் ஊற்றெடுத்து, முல்லைத்தீவுக் காடுகளைத் தாண்டி, கிளிநொச்சிக்குள் வந்து சுண்டிக்குளம் நீரேரியில் விழும் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம். பிறகு நாற்பதுகளின் கடைசியிலும் ஐம்பதுகளிலும் எழுபதுகளிலும் அணையை உயர்த்தினார்கள். குடியேற்றத் திட்டங்கள் வந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து காணியில்லாதவர்கள் வந்தார்கள். பின்னாளில் இனக்கலவரங்களில் அடிபட்ட மலையகத்துச் சனமும் வந்து சேர்ந்தது. பலர் காடு வெட்டி, மலேரியாவில் பிள்ளைகளைப் பறிகொடுத்து, அந்த மண்ணில் நின்றவர்கள். "தண்ணி எங்கட" என்று அவர்கள் சொல்லும்போது அந்தக் கோபத்துக்குப் பின்னால் இது இருக்கிறது.

கூட்டத்தின் சட்டம் 1946இன் 32ஆம் இலக்க நீர்ப்பாசனச் சட்டத்தில் இன்னும் உறுதியானது. 1958இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், வயல் சொந்தக்காரரோடு குத்தகைக்காரரையும் பயிர்ச்செய்கைக் குழுவுக்குள் கொண்டுவந்தது. அந்த வருகை நீடிக்கவில்லை என்பது என் மனக்குறை. 1979, 1991, 2000 என்று சட்டங்கள் மாறி மாறி வந்தன. இன்றைய கமக்காரர் அமைப்புகள் அவற்றின் கீழ் நிற்பவை.

இனி அந்த ஏக்கர்க் கணக்குக்கு வருவோம்.

தண்ணீர் மூன்றிலொரு பங்கு நிலத்துக்கே உண்டு என்று வையுங்கள். பெந்தாமின் வழியில் யோசிக்கும் பொறியியலாளர் என்ன செய்வார்? மண் வாய்க்காலில் தண்ணீர் ஓட ஓட ஊறிப் போகும். துருசுக்குப் பக்கத்து வயலுக்கு ஒரு ஏக்கருக்கு விடும் தண்ணீர், பல மைல் தாண்டிக் கண்டாவளைப் பக்கத்துக் கடைசி வயலுக்குப் போய்ச் சேரும்போது பாதியாகிவிடலாம். ஆகவே மேல் வாய்க்கால் வயல்களுக்கு மட்டும் கொடுத்தால் மொத்த விளைச்சல் அதிகம். மாவட்டத்துக்கும் நல்லது, அரிசி விலைக்கும் நல்லது. கணக்கில் பிழை இல்லை.

ஆனால் கீழ் வாய்க்கால்காரன் வருடா வருடம் வெறும் வயலைப் பார்த்துக்கொண்டிருப்பான். நீர்வரி இடாப்பில் அவனுடைய காணியும் இருக்கிறது. மற்றவன் கட்டிய அதே வரியை அவனும் கட்டினான். 1785இல் இம்மானுவேல் கான்ட் எழுதிய அறநூலின் மையமே இதுதான்: விளைவு எவ்வளவு நல்லதாயினும் ஒரு மனிதனை வேறொருவனின் நன்மைக்கான வெறும் கருவியாக்காதே, எல்லோருக்கும் விதியாக்க முடியாத ஒன்றை உனக்கு மட்டும் விதியாக்காதே. கான்ட்டின் வழி நிற்கும் அதிகாரி, இடாப்பில் உள்ள எல்லோருக்கும் சமமாகத் தண்ணீர் விடச் சொல்வார். அப்படி விட்டால் 21,000 ஏக்கரிலும் நெல் பாதி வளர்ந்து கருகும். எல்லோருக்கும் சம நீதி, எல்லோருக்கும் பதர்.

இந்த இடத்தில்தான் நம் முன்னோர் செய்த காரியத்தைப் பார்த்து நான் வியக்கிறேன். அவர்கள் தண்ணீரைப் பங்கிடவில்லை, நிலத்தைப் பங்கிட்டார்கள். மேல் வாய்க்காலில் தண்ணீர் வீணாகாத ஒரு பகுதியைத் தெரிவு செய்து, அந்தப் போகத்துக்கு மட்டும் அதை எல்லோருக்கும் பொதுவாக்கி, மூன்று ஏக்கர் உள்ளவனுக்கு ஒரு ஏக்கர், ஆறு ஏக்கர் உள்ளவனுக்கு இரண்டு ஏக்கர் என்று அளந்து கொடுப்பது. மேல் வயல் சொந்தக்காரன் தன் காணியின் பெரும்பகுதியை ஒரு போகத்துக்கு விட்டுக் கொடுக்கிறான். கீழ் வயல்காரன் அங்கே வந்து விதைக்கிறான். போகம் முடிய அவரவர் காணி அவரவருக்கு. பெந்தாம் கேட்ட விளைச்சலும் குறையவில்லை, கான்ட் கேட்ட மரியாதையும் குறையவில்லை. சிங்களக் கிராமங்களில் இதற்குப் பெத்மா என்று பெயர். எட்மண்ட் லீச் என்ற மானிடவியலாளர் 1954இல் நுவரகலாவியவின் புல் எலிய கிராமத்தில் தங்கி இதைப் பார்த்து, 1961இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். வன்னியில் பங்கு என்றே சொல்கிறோம்.

இதில் நோவு இல்லை என்று நினைக்க வேண்டாம். ஒரு போகத்துக்கு வருபவன் அந்த மண்ணுக்குப் பசளை போட்டுப் பேணமாட்டான். வரம்பை வெட்டிச் சிறிதாக்குவான். ஊரியானிலிருந்து ஒருவர் உழவு இயந்திரத்தைக் கொண்டு பல மைல் வந்து ஒரு ஏக்கர் உழுவதற்கு எண்ணெய்ச் செலவே பெரிது. ஆகவே தன் பங்கை அங்கேயே ஒருவருக்குக் காசுக்குக் கொடுத்துவிடுகிறார். அப்படிச் சேர்ந்த பங்குகள் சில கைகளில் குவிவதும் நடக்கிறது. இடாப்பில் இல்லாத நிலத்துக்கு இரவில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் எடுப்பதும் நடக்கிறது. கூட்டத்தில் ஒப்புக்கொண்ட ஏக்கர் ஒன்று, வயலில் பச்சையாக நிற்கும் ஏக்கர் வேறு என்று ஆகும்போது ஆடி மாதத்தில் தண்ணீர் போதாமல் போகிறது. அதில் முதலில் கருகுவது ஒழுங்காக நடந்தவனின் பயிர்.

அங்கேதான் அரிஸ்டோட்டிலின் பக்கம் உள்ள நியாயம் தெரிகிறது. விளைவும் விதியும் இருக்கட்டும், ஆள் எப்படிப்பட்டவன் என்று கேட்டவர் அவர். நற்குணம் பழக்கத்தால் வருவது. நியாயமாக நடந்து நடந்தே ஒருவன் நியாயவான் ஆகிறான் என்றார். இரவு இரண்டு மணிக்குத் துருசடியில் நிற்பவரைச் சட்டம் பார்த்துக்கொண்டிருக்காது. கதவைத் திருகும் சக்கரத்தை அரைச் சுற்றுக் கூடத் திருப்பினால் கீழே யாருக்கு லாபம் என்பது அவருக்குத் தெரியும். காலையில் திருப்பி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வட்டவிதானை என்றும் சிங்களப் பகுதிகளில் வெல்விதானை என்றும் சொல்லப்படுபவரை அந்தக் காலத்தில் ஊரே சேர்ந்து தெரிந்தெடுத்ததன் காரணம் இதுதான். அவருடைய தகுதி அவருடைய நடத்தை. திருக்குறளில் நடுவு நிலைமைக்கு ஓர் அதிகாரமும், லாப நட்டம் பார்த்துச் செயலில் இறங்குவதற்குத் தெரிந்து செயல்வகை என்று வேறோர் அதிகாரமும் இருப்பதை நம் அதிகாரிகள் நினைத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒரே மனிதனுக்கு வேண்டியவை என்றே வள்ளுவர் வைத்திருக்கிறார்.

கூட்டம் உண்மையாக நடந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கல்லோயாப் பாசனத் திட்டம் சாட்சி. எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே வாய்க்கால் வாய்க்காலாகக் கமக்காரரை ஒழுங்கமைத்தார்கள். 1997 சிறுபோகத்தில் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் மிகக் குறைவு; கிட்டத்தட்ட பதினைந்து வீத நிலத்துக்கே போதும் என்று கணக்கு. கமக்காரர் அமைப்புகள் தாங்களே முறை வைத்து, சிக்கனமாகப் பகிர்ந்து, சுமார் 65,000 ஏக்கரிலும் பயிர் செய்து நல்ல விளைச்சலும் எடுத்தார்கள். பொறியியலாளரின் கணக்கு தவறானதல்ல. மனிதர் ஒருவரையொருவர் நம்பினால் ஒரு துளி எவ்வளவு தூரம் போகும் என்பது அந்தக் கணக்கில் இல்லை, அவ்வளவுதான்.

இனி வலிக்கிற பகுதி. 2010 நவம்பரில் ஆசிய அபிவிருத்தி வங்கி யாழ்ப்பாணம் - கிளிநொச்சிக் குடிநீர்த் திட்டத்துக்குக் கடன் ஒப்புதல் கொடுத்தது. இரணைமடுவிலிருந்து நாளொன்றுக்கு 27,000 கனமீற்றர் தண்ணீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுபோவது, சுமார் மூன்று இலட்சம் பேருக்குக் கொடுப்பது. குடாநாட்டில் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கும் நீரே எல்லாம். அதில் உரத்தின் நைத்திரேற்றும் மலகூடக் கழிவும் இறங்கிவிட்டன. தீவகத்தில் பவுசர் வரும் நாளைப் பார்த்துக் குடத்தோடு நிற்கும் பெண்களின் தாகம் யாரும் இட்டுக்கட்டியதல்ல. அதே வருடம் ஜூலையில் ஐ.நா. பொதுச்சபை குடிநீரை மனித உரிமை என்று தீர்மானித்திருந்தது.

கணக்குப் பார்ப்போம். நாளுக்கு 27,000 கனமீற்றர் என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 99 இலட்சம் கனமீற்றர், அதாவது சுமார் 8,000 ஏக்கரடி. அணையை இரண்டு அடி உயர்த்தினால் கொள்ளளவு 131 மில்லியன் கனமீற்றரிலிருந்து 148 மில்லியனாகும் என்றார்கள். கூடுவது 17 மில்லியன், கேட்பது 10 மில்லியனுக்கும் குறைவு. தாளில் யாருக்கும் நட்டமில்லை.

கமக்காரர் மறுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் இதைப் பலர் பிடிவாதம் என்று எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. குளம் நிறையாத வருடத்தில் என்ன நடக்கும் என்பதே அவர்கள் கேட்டது. குடிநீருக்கே முதலிடம் என்பது கொள்கை. ஆகவே வறட்சி வருடத்தில் 8,000 ஏக்கரடியும் முதலில் போய்விடும். சிறுபோக நெல்லுக்கு ஏக்கருக்கு நான்கைந்து ஏக்கரடி வேண்டும் என்று வைத்தால், அது 1,600 முதல் 2,000 ஏக்கர் பயிர். ஏற்கெனவே மூன்றிலொரு பங்கை வைத்துப் பிரித்துக்கொண்டிருப்பவனிடம் சராசரிக் கணக்கைக் காட்டினால் அவன் கெட்ட வருடத்தின் கணக்கைத்தான் கேட்பான். சராசரி வருடத்தில் யாரும் பட்டினி கிடப்பதில்லை.

ஜோன் ரோல்ஸ் 1971இல் எழுதிய நீதிக் கோட்பாடு இந்த வழக்குக்கு அளந்து தைத்தது போல இருக்கிறது. நீ யாராகப் பிறப்பாய் என்று தெரியாத நிலையில் எந்த ஒழுங்கைத் தெரிவு செய்வாய் என்று அவர் கேட்டார். நீ ஊர்காவற்றுறையில் குடத்தோடு நிற்கும் பெண்ணாகவும் இருக்கலாம், முரசுமோட்டையில் கடன் எடுத்து விதைத்த குத்தகைக்காரனாகவும் இருக்கலாம். இரண்டில் எதுவாகினும் தாங்கக்கூடிய ஒழுங்கு எது? நிறைந்த வருடத்தில் முழுப் பங்கு, குறைந்த வருடத்தில் வயலுக்குக் குறையும் வீதத்திலேயே குழாய்க்கும் குறைவு, குறைந்ததை ஈடுசெய்யக் குடாநாட்டில் மழைநீர்ச் சேமிப்பு, இழந்த போகத்துக்கு நட்டஈடு. பங்கு முறையின் அதே நியாயம்தான், ஆறு மைலுக்குப் பதில் அறுபது மைல் தூரத்துக்கு.

அதைப் பேசி முடிக்க ஒரு கூட்டம் பிறக்கவில்லை. வங்கியின் அதிகாரிகள் வந்தார்கள், ஆலோசகர்கள் வந்தார்கள், அமைச்சர்கள் அறிக்கை விட்டார்கள், அரசியல்வாதிகள் இரண்டு மாவட்டத்திலும் இரண்டு விதமாகப் பேசினார்கள். யாழ்ப்பாணத்தில் தண்ணீர் குடிக்கப் போகிறவரும் கிளிநொச்சியில் தண்ணீர் கொடுக்கப் போகிறவரும் ஒரே மேசையில், 1856இன் சட்டம் எழுதி வைத்த மாதிரி, வழக்கம் பேசி ஒப்புக்கொண்டு கையெழுத்திட ஓரிடம் இருக்கவில்லை. 2013இல் தெரிவான வடக்கு மாகாணசபையின் காலத்தில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் மாற்று வழிக்குப் பேச்சு நகர்ந்தது. வடமராட்சி கிழக்கில் தாளையடியில் நாளுக்கு 24,000 கனமீற்றர் தரும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. அணையும் தனியாகத் திருத்தி உயர்த்தப்பட்டது.

பிரச்சினை தீர்ந்ததா? கடல்நீரை இந்த முறையில் நன்னீராக்க உலகெங்கும் சாதாரணமாகக் கனமீற்றருக்கு மூன்று, நான்கு அலகு மின்சாரம் பிடிக்கிறது. முழு அளவில் ஓடினால் நாளுக்கு எழுபதாயிரம் அலகுக்கு மேல். அந்தச் செலவை வருடா வருடம் யாரோ ஒருவர் சுமக்க வேண்டும். மிஞ்சும் உப்புநீர் கடலுக்குப் போகிறது. தங்கள் கரைவலைக்கு என்ன ஆகும் என்று வடமராட்சி கிழக்கு மீனவர் கேட்டார்கள். கமக்காரரும் குடாநாட்டாரும் ஒருவரோடொருவர் பேசாமல் தவிர்த்ததன் செலவு, இரண்டு பக்கத்திலும் இல்லாத மூன்றாமவரின் வாசலில் போய் நிற்கிறது. ஒரு முடிவு நியாயமானதா என்று பார்க்க நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அதன் நட்டத்தைச் சுமப்பவர் கூட்டத்தில் இருந்தாரா?

2018 டிசெம்பரும் அதையே கேட்டது. உயர்த்தித் திருத்திய குளத்தை அந்த மாத முற்பகுதியில் திறந்து வைத்தார்கள். 21ஆம் திகதி இரவு பெருமழை. வான்கதவுகள் எல்லாம் திறக்கப்பட, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் புகுந்து பல்லாயிரம் பேர் இடம்பெயர்ந்தார்கள். கதவுகளை முன்பே திறந்திருக்க வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது. வடக்கு ஆளுநர் பின்னர் விசாரணைக் குழு ஒன்றையும் அமைத்தார். ஒரு பொறியியலாளரின் நாற்காலியில் அந்த வாரம் உட்கார்ந்து பாருங்கள். முன்கூட்டியே திறந்துவிட்டு மழை பொய்த்தால் சிறுபோகம் போயிற்று, குற்றவாளி நீங்கள். வைத்திருந்து மழை கொட்டினால் வீடுகள் போயிற்று, அப்போதும் நீங்கள். என் எண்ணம் தெளிவு: நெல்லின் இழப்பும் உயிரின் ஆபத்தும் ஒரே தராசில் ஏறக்கூடாது, பெந்தாமை அன்றிரவு வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். ஆனால் அந்தத் தீர்மானத்தை நள்ளிரவில் ஓர் அதிகாரியின் தலையில் விடுவதும் அநியாயம். எந்த மட்டத்தில், எந்த மழை எதிர்வுகூறலில் கதவு திறக்கப்படும் என்று காலபோகக் கூட்டத்திலேயே, ஆற்றின் கீழ்ப்புறத்து ஊரார் முன்னிலையில் எழுதி வைத்திருந்தால் அவர் விதியைப் பார்த்துத் திறந்திருப்பார்.

இந்தக் கூட்டத்தில் இன்றும் சிலருக்குக் கதிரை இல்லை. குத்தகைக்கு விதைப்பவர் இடாப்பில் இல்லை. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கொடுத்த வயலுக்கு ஒருவரையே பின்னுரித்தாளராக வைக்க முடிந்தது. உரித்துப் போகும் வரிசையில் மகளுக்கு முன் மகன் நின்றான். 2022இல்தான் அந்தப் பாகுபாடு திருத்தப்பட்டது. இடையில் போரில் கணவனை இழந்து குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் வன்னியில் எத்தனை பேர்! அவர்களுக்கு முறைத் தண்ணீர் நடுச்சாமத்தில் வந்தால் வாய்க்காலடியில் போய் நிற்பது யார்? கரோல் கில்லிகன் 1982இல் எழுதிய நூல், நியாயத்தை விதியால் மட்டும் அளக்காமல் உறவாலும் பராமரிப்பாலும் அளக்கச் சொன்னது. எங்கள் மொழியில் அதன் பொருள் மிகச் சாதாரணமானது: அந்த அக்காவின் முறையைப் பகலுக்கு மாற்றிக் கொடுங்கள்.

ஆகவே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்று மாவட்டச் செயலாளர்களிடமும் வட மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும் என் வேண்டுகோள் இது. அடுத்த சிறுபோகக் கூட்டத்துக்கு இடாப்பில் உள்ளவரோடு அந்த வருடம் உண்மையில் விதைக்கப் போகிறவரையும் கூப்பிடுங்கள். பங்கு பெற்றவர் பட்டியலைக் கமநல சேவை நிலையத்தின் சுவரில் ஒட்டுங்கள். கனகராயன் ஆறு முழுவதற்கும், வவுனியாத் தலைப்பிலிருந்து சுண்டிக்குளம் மீனவர் வரை, வருடத்தில் ஒரு தடவையாவது ஒரே மண்டபத்தில் கூட்டம் வையுங்கள், யாழ்ப்பாணத்தாரையும் அழையுங்கள். கமக்காரருக்கும் ஒரு சொல்: அறிவித்தல் வந்ததும் தலைவர் பார்த்துக்கொள்வார் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். போய் உட்காருங்கள். பொறியியலாளர் கணக்கு வாசிக்கும்போது, "கெட்ட வருடத்துக்கு என்ன?" என்று எழுந்து கேளுங்கள், பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதும்வரை இருக்கையை விட்டு எழும்பாதீர்கள்.